வாங்கின பயறு யார் வயிற்றில்

கன்னையா: அதெல்லாம் வேணாம். நீங்க மாவைக் கட்டுங்க நானா. கோதுமை மாவு. எப்பவும் கட்டுற மாதிரி.

அழகம்மா: நானா, மாவு மூட்டைப் பக்கமே போகாதீங்க. இந்த வாரமும் சிவப்பரிசிதான். அப்புறம் பயறு, கவ்பி, குரக்கன் மா...

கன்னையா: குரக்கனா? அந்தக் கேப்ப மாவு என்னத்துக்கு, லயத்து வீட்டுச் சுவத்துல பூசவா?

அழகம்மா: ஒங்க வாயில பூசத்தான்.

ஜுனைதீன்: ஒராள் செல்லுங்க. ஞாயித்துக்கெழம நான் கடையில ஒத்த ஆளு. யட்டியாந்தோட்டை பசாரில இவ்வளவு கடை ஈக்கு, புருசன் பொஞ்சாதி சண்டை பிடிக்க என்ட கடைதான் கெடச்சதா?

கன்னையா: வேற கடையில சண்டை போட்டா, அந்த நேரம் பாத்துத் தராசுல வெரல வச்சிருவான். நீங்கன்னா சிரிச்சிக்கிட்டு சும்மா நிப்பீங்க.

ஜுனைதீன்: சிரிக்கிறன்தான். ஆனா வெளங்கல்ல. நீங்க ரொட்டியில வளந்த ஆக்கள். றப்பர் பால் வெட்டப் போற நேரமும் ரொட்டியத்தான் மடிச்சிக் கட்டிக்கிட்டுப் போற. கொஞ்ச காலமா என்ன, கவ்பி, பயறு?

அழகம்மா: மருமகளுக்கு நானா. நம்ம சுதாகரன் பொஞ்சாதி, சுமித்ரா. முழுகாம இருக்கான்னு சொன்னேன்ல.

ஜுனைதீன்: ஓ, சொன்ன.

அழகம்மா: கிளினிக்குல ரத்தம் பாத்தாங்க. பத்தாதாம். மிட்வைப் அம்மா என்னயத் தனியாக் கூப்பிட்டு, அந்தப் புள்ள கண்ணு ரப்பையக் கீழ இழுத்துக் காட்டுச்சு. உள்ளுக்கு செவப்பா இருக்கணும்ல... சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. இப்படியே போனா பிரசவத்துல தாயும் தாங்காது, புள்ளயும் தாங்காதுன்னு சொல்லிருச்சு.

ஜுனைதீன்: யா அல்லா.

கன்னையா: அந்தம்மா எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லும். பயம் காட்டலேன்னா அதுக்குப் பொழுது போகாது.

அழகம்மா: இவரு பேச்சக் கேக்காதீங்க. அன்னிக்கு நான் வந்து சொன்னதும் மூஞ்சி செத்துப்போய், வாளியக் கழுவுறேன்னு தண்ணிப் பீலியடிக்குப் போனவரு. ரொம்ப நேரம் வரவேயில்ல.

கன்னையா: வாளியில பால் காஞ்சி ஒட்டிக்கிட்டிருந்துச்சு.

ஜுனைதீன்: சரி, வாளிய விடுங்க. மிட்வைப் என்ன திங்கச் சொன்ன?

அழகம்மா: தெனம் ஒரு கீரை. முருங்கையோ வல்லாரையோ, ஏதாச்சும் ஒண்ணு. பயறு, கவ்பி, பருப்பு... மாத்தி மாத்தி. முட்டை. நெத்தலிக் கருவாட்டத் தலையோட திங்கணுமாம். கைக்கெட்டுனா ஈரலு. சோத்துல தேசிக்காப் புளிஞ்சி விடணுமாம். அப்புறம், சாப்பிட்ட கையோட தேத்தண்ணி குடிக்கவே கூடாதாம்.

கன்னையா: அதக் கேளுங்க நானா. சாயத்தண்ணி குடிச்சா தின்னது ரத்தமா மாறாதாம். எங்க பாட்டன் கடல் தாண்டி வந்ததே இந்தத் தேயிலைக்குத்தான். இத அந்தாளு கப்பல் ஏறும்போதே ஒருத்தன் சொல்லியிருந்தா, பேசாம எறங்கி வீட்டுக்குப் போயிருப்பாரு.

ஜுனைதீன்: அப்ப எனக்கு யாவாரம் ஏது?

கன்னையா: கிளினிக்குல ஒரு படம் ஒட்டி வச்சிருக்காங்க. ஒரு அம்மா வயித்தத் தூக்கிக்கிட்டு நிக்கிது. பக்கத்துல ஆப்பிளு, முந்திரிகை, ஒரு பெரிய கிளாஸ் பாலு. நாங்களும் விடியக்காலையில இருந்து பாலுதான் எடுக்கிறோம். குடிச்சா வாய் ஒட்டிக்கும்.

அழகம்மா: சிரிக்காதீங்க நானா, நீங்க சிரிச்சா இவரு இன்னும் பேசுவாரு. பயறத் தராசுல போட்டு நெறுங்க.

ஜுனைதீன்: நெறுக்கிறன். நெறுக்கிறன்... ஆனா இருங்க. போன கெழமையும் பயறு கட்டினேனே. அதுக்கு முந்தின கெழமையும். முட்டையும் உமியில வச்சி ஒண்ணும் ஒடையாமக் கொண்டு போன.

கன்னையா: போன தடவ பஸ்ஸ மறிச்சி எங்கள எறக்கிட்டான், ஆமிக்காரன். பயறுப் பைக்குள்ள முழங்கை வரைக்கும் கையவிட்டுத் தொழாவுறான். மே மொனவாத, என்ன இதுன்னு சிங்களத்துல கேக்குறான். முங் எட்ட மாத்தயா, லேலிட்ட, பயறுங்கய்யா, மருமகளுக்குன்னேன். மருமகளுக்காம்னு பக்கத்துல நின்னவன்கிட்டச் சொல்றான். அவ ஒருத்தியா இவ்வளவும் திங்கிறான்னு கேட்டுட்டு ரெண்டு பேரும் சிரிச்சானுங்க.

ஜுனைதீன்: அதத்தான் நானும் கேக்க வந்த. இவ்வளவு கொண்டு போறீங்க. இப்ப ரத்தம் எப்பிடி?

அழகம்மா: அத மட்டும் கேக்காதீங்க நானா.

ஜுனைதீன்: என்ன தங்கச்சி?

அழகம்மா: போன வாரம் திரும்பப் பாத்தாங்க. முந்தி இருந்தத விடக் கொறஞ்சிருக்கு. இன்னும் ஒரு தடவ பாப்பாங்களாம். அப்பவும் ஏறலேன்னா வார்டுல படுக்கப்போட்டு ரத்தம் ஏத்தணுமாம்.

ஜுனைதீன்: கொறஞ்சா? என்ட பயத்தத் தின்னா?

கன்னையா: ஒங்க பயத்துக்குள்ள ஏதோ இருக்கு நானா.

ஜுனைதீன்: இங்க பாருங்க, வாயில போட்டுப் பாருங்க. புழு ஈக்கா, பூச்சி ஈக்கா? வரக்காப்பொலயில நான் நின்டு தெரிஞ்செடுத்த சாமான் இது. என்ட பொஞ்சாதி நூரியா மூணு புள்ளயளும் இந்தப் பயத்தத் தின்டுதான் பெத்த. சாமான்ல கொற இல்ல. சட்டியிலதான் கொற. யாரு சமைக்கிற?

அழகம்மா: நான்தான். அவள அடுப்புப் பக்கமே விடுறதில்ல.

ஜுனைதீன்: யாரு முதல்ல திங்கிற?

அழகம்மா: அது என்ன கேள்வி? ஆம்பளைகதான். இவரு, அப்புறம் மவன். அதுக்குப் பின்னால நானு. கடைசியா மருமக. எல்லா லயத்துலயும் அப்படித்தானே.

ஜுனைதீன்: அப்ப கடைசியில அந்தப் புள்ள வாற நேரம் சட்டியில கரண்டிச் சத்தம்தான் ஈக்கும்.

அழகம்மா: ஐயோ, இல்ல நானா. நல்லாவே மிஞ்சும். இவரு ராவுல தொடுறதே இல்ல. வயித்துல ஒரே எரிச்சலாம். கொஞ்ச காலமா அப்படித்தான் கெடக்காரு.

கன்னையா: ஆமா. எரிச்சலு. நெஞ்சு வரைக்கும் வருது.

அழகம்மா: நானு விரதம். சுமித்ரா நல்லபடியாப் பெத்தெடுக்கணும்னு முருகனுக்கு நேந்துகிட்டேன். ராவுல ஒண்ணும் வாயில வக்கிறதில்ல.

கன்னையா: முருகனுக்கே ஒரு மாதிரியா இருக்கும். இந்தப் பொம்பள தின்னா எனக்கென்ன, தின்னாட்டி எனக்கென்னன்னு.

ஜுனைதீன்: பொறுங்க, பொறுங்க. நீங்க திங்கிற இல்ல. தங்கச்சியும் திங்கிற இல்ல. அப்ப ஒங்கட பங்கும் சட்டியில ஈக்கணும்.

அழகம்மா: இருக்குமே. காலையில பாத்தா சட்டிய வழிச்சிக் கழுவிக் கவுத்து வச்சிருப்பா. அப்ப அவ சாப்பிட்டான்னுதானே அர்த்தம்?

ஜுனைதீன்: திங்கிறதக் கண்ணால கண்டதா?

அழகம்மா: மாமியாக்காரி எதுக்க ஒக்காந்து வாயப் பாத்தா எந்தப் புள்ளைக்கு எறங்கும்? நான் பொழுதுபட்டதும் அடுத்த லயத்து இலட்சுமியோட பேசிக்கிட்டிருக்கப் போயிருவேன். அவ கூச்சமில்லாம சாப்பிடட்டும்னு.

ஜுனைதீன்: கன்னையா நீங்க?

கன்னையா: நான்... நானும் அந்த நேரம் சந்திப்பக்கம் போயிருவேன். காத்துக்கு.

ஜுனைதீன்: நல்லம். ஒராள் காத்துக்கு, ஒராள் கதைக்கு. அப்ப வீட்டுல ஈக்கிற ஆம்புள சுதாகரன் மட்டும்தான். அவன் எப்பிடி?

கன்னையா: அவனுக்கென்ன. நல்லாயிருக்கான். கொஞ்சம் ஊதியிருக்கான்.

ஜுனைதீன்: ஊதியா? அவன் வேல செய்ற றப்பர் காயப் போடுற புகைக் காம்பராவிலதானே?

கன்னையா: ஆமா. அதுக்குள்ள நிக்கிறவன் எல்லாம் கருவாடு மாதிரி வத்தித்தான் போறானுங்க. இவன் மட்டும் கழுத்து இல்லாமப் போயிட்டான். அன்னிக்குக் கால்சட்டப் பொத்தான் தெறிச்சி...

அழகம்மா: இருங்க, இருங்க.

கன்னையா: என்னா பாக்குற?

அழகம்மா: அன்னிக்கு அவன் தட்டுல ரெண்டு முட்டை இருந்துச்சுன்னு சொன்னீங்களே.

கன்னையா: இருந்துச்சு. சந்தியில இருந்து வந்து பாத்துட்டு, என்னடா ரெண்டுன்னு கேட்டேன். அவ முந்தியே சாப்பிட்டாச்சாம்ப்பா, இது மிஞ்சினதாம்னான்.

அழகம்மா: மிஞ்சினதாம். நான் அவிச்சதே அந்தப் புள்ளைக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு. மிஞ்ச எங்க இருக்கு?

கன்னையா: அடப்பாவி. அவ சாப்பிட்டேன்னு சொன்னா நம்பிருவானா? பொஞ்சாதி எலும்பும் தோலுமா நிக்கிறா, கண்ணு தெரியாதா அவனுக்கு?

அழகம்மா: யாரு மவன்? நீங்க என்னைக்காச்சும் நான் சாப்பிட்டேனான்னு ரெண்டாந்தடவ கேட்டிருக்கீங்களா?

கன்னையா: இப்ப ஏன் அது?

ஜுனைதீன்: அந்தச் சண்டைய வீட்டுல போய்ப் பிடிங்க. எனக்கு இத செல்லுங்க. கைக்கு வந்த முட்டைய அந்தப் புள்ள என்னத்துக்குப் புருசனுக்குக் குடுக்கிற?

அழகம்மா: அது ரொம்ப நல்ல புள்ள நானா. ஒருநா நானே முட்டைய உரிச்சி கையில வச்சித் தின்னுன்னேன். திங்கல. மாமா வெறும் வயித்தோட சுருண்டு படுக்குறாங்க, நீங்க முருகனுக்குப் பட்டினி கெடக்குறீங்க, உங்க ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டு நான் மட்டும் எப்படி அத்தை முட்டை திங்கிறதுன்னு கேட்டுச்சு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளான்னு லயம் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்.

ஜுனைதீன்: அப்ப நீங்க என்ன செஞ்ச?

அழகம்மா: சரி, பெறகாவது தின்னுன்னுட்டு இலட்சுமி வீட்டுக்குப் போயிட்டேன்.

ஜுனைதீன்: தங்கச்சி... நீங்க செல்லினத நீங்களே ஒருக்கா யோசிச்சிப் பாருங்க.

அழகம்மா: என்னத்த?

ஜுனைதீன்: பெரியவங்க திங்காம நான் திங்க ஏலாதுன்னு அந்தப் புள்ள செல்லுது. நீங்க ரெண்டு பேரும் திங்கிறதே இல்ல. அப்ப அது எப்பதான் திங்கிற? என்ட பயத்துல கொற இல்ல. ஒங்கட பட்டினிதான் அந்தப் புள்ளட ரத்தத்தக் குடிச்சீக்கு.

அழகம்மா: முருகா... நான் நல்லது நெனச்சில்ல செஞ்சேன். விரதம்னு சொன்னாத்தான் என் பங்கும் சட்டியில இருக்கும், அவ தின்னுக்குவான்னு...

கன்னையா: அப்ப முருகனுக்கு வச்ச நேத்திக்கடன்?

அழகம்மா: நேத்தியுமில்ல ஒண்ணுமில்ல. முருகன் பேரச் சும்மா இழுத்தேன்.

கன்னையா: கதிர்காமத்துல இருந்து அந்தாளு வேலத் தூக்கிக்கிட்டு வரப்போறாரு பாரு.

அழகம்மா: ஒங்களுக்கு வயித்து எரிச்சலு. வேற யாரு எரிஞ்சா என்ன?

கன்னையா: ...எரிச்சல் இல்ல.

அழகம்மா: என்னா?

கன்னையா: வயித்துல ஒண்ணுமில்லங்கிறேன். எனக்கு மட்டும் அந்தப் புள்ள மேல அக்கறை இல்லையா? மாமனாருக்காரன் மருமகளப் பாத்து நீ தின்னும்மான்னு எப்படிச் சொல்றது? நான் இஸ்தோப்புத் திண்ணையில ஏறுனாலே அது கதவுக்குப் பின்னால போயிருது. சரி, நம்ம ஒதுங்கிக்கிட்டா அது திங்கட்டும்னு நெனச்சேன்.

அழகம்மா: அப்ப நான் வேப்பம்பட்டை அவிச்சிக் குடுத்தது?

கன்னையா: குடிச்சேன்.

அழகம்மா: அந்தக் கசப்ப?

கன்னையா: குடிச்சாத்தானே நீ நம்புவ. ரெண்டு நாளா நாக்குல ஒண்ணும் தெரியல.

ஜுனைதீன்: அல்லாவே. எனக்கு வயிறு நோகுது, இவரிட வேப்பம்பட்டைய எனக்குக் குடுங்க.

அழகம்மா: நீங்க சிரிங்க நானா. எனக்கு அழுக வருது. இந்த மனுசன் வெறும் வயித்தோட மல ஏறி, வெறும் வயித்தோட பால் வெட்டி... ஒரு வார்த்த சொல்லல. மாவு மாவுன்னு கேட்டாரு, நான் வாய அடைச்சேன். ஏங்க, போற வழியில சந்தியில எறங்குவோம். ஹுஸைன் நானா கடையில ரெண்டு பராட்டா சாப்பிடுங்க. நான் வாங்கித் தாறேன்.

கன்னையா: வேணாம்.

அழகம்மா: ஏன்?

கன்னையா: பராட்டாவெல்லாம்... கோதுமை மாவு. ஒடம்புக்கு ஆகாதுன்னு நீதானே சொன்ன.

அழகம்மா: இப்பத்தானே கட்டுங்க கட்டுங்கன்னு நானா உசுர வாங்குனீங்க.

கன்னையா: அது வேற மாவு.

ஜுனைதீன்: கன்னையா...

கன்னையா: நீங்க பயத்த நெறுங்க நானா.

ஜுனைதீன்: ஹுஸைன் என்ட மச்சான் தங்கச்சி. அவன்ட கடைக்கு மாவு போற இங்க ஈந்துதான்.

கன்னையா: நானா, நல்லாயிருப்பீங்க.

ஜுனைதீன்: எனக்கும் வீட்டுல ஒரு பொம்பள ஈக்கு, கன்னையா. பொய்யில கூட்டுச் சேந்தா எனக்கும் சோறு இல்ல. தங்கச்சி, போன முறை மச்சான் வந்து சொன்ன, ஒங்கட தோட்டத்துக் கன்னையா பின்னேரத்துல றப்பர் வெறகு கொண்டு வந்து போடுறாராம். அதுக்கு அவன் பராட்டாவும் தொட்டுக்க ஆணமும் குடுக்கிறானாம். ஆணம் ரெண்டாம் தரமும் கேக்கிற ஆளாம்.

கன்னையா: வெறகு சும்மா கெடந்துச்சு.

அழகம்மா: சட்டையில எண்ண வாசம் அடிச்சிச்சு. தலைக்கு வச்சதுன்னீங்க. வீட்டுல அந்தப் புள்ள மாமா சுருண்டு படுக்குறாங்கன்னு அழுகுது. நீங்க ஆணத்த ரெண்டாந்தடவ ஊத்தித் தின்னுட்டு ஏப்பம் விடத்தான் சுருண்டு படுத்தீங்களா?

கன்னையா: ஏ, ஒரு ஆம்புள மரம் வெட்டணும், மல ஏறணும். ஒண்ணும் திங்காம எப்படி? என் பங்கு அவளுக்குப் போகணும், எனக்கும் வயித்துல ஏதாச்சும் போகணும். நான் யாரோட தட்டுலயும் கை வக்கல.

அழகம்மா: பேசாதீங்க. வெக்கமா இருக்கு. நானா, எல்லாத்தையும் கட்டுங்க. பயறு, கவ்பி, நெத்தலி, முட்டை. இவரு தலையில ஏத்துங்க, சுமக்கட்டும்.

ஜுனைதீன்: கட்டித் தாறன். ஆனா அந்தப் புள்ளட வாய்க்கு எப்பிடிப் போற? இதயும் சுதாகரன்தான் திம்பான்.

அழகம்மா: இன்னிக்குப் பொழுதுபட யாரும் வெளியில போறதில்ல. இவரு இஸ்தோப்புல ஒக்காந்து திங்கட்டும். சத்தமாத் திங்கணும், குசினிக்குக் கேக்கணும். நான் குசினியில சுமித்ராவப் பக்கத்துல இழுத்து வச்சி, ஒரே தட்டுல போட்டு ரெண்டு பேரும் திங்கிறோம். அது தின்னு முடிச்ச பெறகுதான் சுதாகரனுக்குச் சோறு.

கன்னையா: கடைசியா அவனா? லயத்துல பேசுவானுங்க.

அழகம்மா: பேசட்டும். பொத்தான் தெறிக்காம இருக்கும்.

ஜுனைதீன்: சாப்பிட்ட கையோட தேத்தண்ணி ஊத்திராதீங்க. தேசிக்கா நாலு போட்டீக்கன், அது என்ட கணக்கு.

கன்னையா: எல்லாஞ் சரி. ஆனா திடீர்னு நான் திங்க ஒக்காந்தா அந்தப் புள்ள சந்தேகப்படாதா? வயிறு ஒரே நாள்ல எப்படி நல்லாப் போகும்? இவங்க எனக்காகக் கஷ்டப்பட்டுத் திங்கிறாங்கன்னு நெனச்சி, அப்பவும் ரெண்டு வாயோட எழும்பிரும்.

அழகம்மா: நெனைக்கும்.

கன்னையா: நான் ஒண்ணு சொல்றேன் கேளு. நீயே ஒக்காந்து நெசத்தச் சொல்லிரு. மாமா கள்ளன், சந்தியில பராட்டா தின்னான்னு சொல்லு, பரவால்ல. ஆனா ஒன் வாயால சொல்லு. நீ நெசமாவே பட்டினி கெடந்தவ. நான் பட்டினி கெடந்து பாத்தேம்மா, இதுல ஒண்ணுமில்ல, நீ தின்னுன்னு ஒரு வார்த்த சொன்னா அது தட்டாது.

அழகம்மா: நானா, கணக்கப் போடுங்க, பஸ் போயிரும்.

கன்னையா: என்னா? சொல்ல மாட்டியா?

அழகம்மா: எப்படிங்க சொல்லுவேன்... தெனம் இலட்சுமி வீட்டுல ரொட்டியும் கருவாட்டுக் கொழம்பும் தின்னுட்டு, வாயக் கொப்புளிச்சிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுனேன். நம்ம வீட்டுல நெசமாப் பட்டினி கெடந்தது அவளும், அவ வயித்துல இருக்கிறதுந்தான்.